பழைய 35 எச்பி வண்டி மூன்று சட்டிக் கலப்பையை இழுக்குமா?

பாகூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமா ஓட்டிய பழைய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் வீட்டுக்கு வந்திருக்கிறது, தொண்ணூறுகளில் வாங்கிய வண்டி. மூன்று காணி கரும்பு. இரண்டு மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி வளரும் பயிர்) முடிந்துவிட்டதால் கட்டையைப் புரட்டிப் போட்டுவிட்டு சம்பாவுக்கு நெல் வைக்கலாம் என்று நினைக்கிறார். பண்ருட்டியில் ஒருவர் பழைய மூன்று சட்டிக் கலப்பையை (வட்டத் தட்டுகள் உருண்டு மண்ணைப் புரட்டும் டிஸ்க் கலப்பை) குறைந்த விலைக்குத் தருகிறாராம். மச்சானோ, "அந்தப் பழைய இரும்பு எதுக்கு, ஆறடி ரோட்டவேட்டர் வாங்கு" என்கிறாராம். ரோட்டவேட்டர் என்றால் சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்தும் கருவி. இந்த வண்டி எதை இழுக்கும் என்பதுதான் கேள்வி.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆறடி ரோட்டவேட்டர் வேண்டாம். மூன்று சட்டிக் கலப்பையை, ஒரு சட்டியைக் கழற்றிவிட்டு இரண்டு சட்டியாக ஓட்ட முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள், இரண்டு சட்டி தனியாகவே கிடைக்கும். ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நெல்லிக்குப்பம் சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு வண்டி ஓட்டிய காலத்தில் இதையெல்லாம் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

எல்லோரும் எடுத்ததும் கேட்பது "எத்தனை எச்பி?" என்றுதான். அந்த ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சட்டிக் கலப்பை பின் டயரின் பிடிப்பைச் சோதிக்கும். ரோட்டவேட்டர் என்ஜினையும் பிடிஓவையும் (என்ஜின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பின் தண்டு) சோதிக்கும். இரண்டில் எதைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறினாலும் சோதனை முன் சக்கரத்துக்கும் ஹைட்ராலிக்குக்கும். பழைய வண்டி இவற்றில் எதில் இளைத்திருக்கிறதோ, அதற்குத் தகுந்த கலப்பையைத்தான் கட்ட வேண்டும்.

முதலில் சட்டிக் கலப்பை. கணக்கு ரொம்பச் சுலபம். உழும் அகலத்தை ஆழத்தால் பெருக்கினால் மண்ணின் வெட்டுப் பரப்பு சதுர சென்டிமீட்டரில் வரும். ஒரு சதுர சென்டிமீட்டர் மண்ணை அறுத்துப் புரட்ட மணல் பாங்கான நிலத்தில் சுமார் கால் கிலோ இழுவை போதும். வண்டல், செம்மண் என்றால் அரைக் கிலோவை ஒட்டி வரும். களிமண்ணில் பதமான ஈரம் இருந்தாலே 0.6, 0.7 கிலோ ஆகும். அதுவே காய்ந்து இறுகிவிட்டால் ஒரு கிலோவைத் தொடும்.

உங்கள் மண் களி கலந்த வண்டல், பதமான ஈரத்தில் 0.6 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சட்டி 25 சென்டிமீட்டர் அகலம் வெட்டும், ஆழம் 20 சென்டிமீட்டர். மூன்று சட்டிக்கு அகலம் 75, பரப்பு 1500, இழுவை 900 கிலோ. இரண்டு சட்டிக்கு அகலம் 50, பரப்பு 1000, இழுவை 600 கிலோ.

இந்த இழுவைக்கு எவ்வளவு எச்பி ஆகும்? கிலோவை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தால் பெருக்கி 75-ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 1.11 மீட்டர். 900 கிலோவுக்கு 13 எச்பி சொச்சம்தான் வருகிறது. 35 என்று நாம் சொல்லும் இந்த 36 எச்பி என்ஜின் உழுத மண்ணில் இழுவைக்கு என்று பாதிக்குக் கொஞ்சம் மேலே தரும். பழசு என்று கழித்துக்கொண்டாலும் பதினைந்து, பதினாறு எச்பி கொக்கியில் கிடைக்கும். அப்போ மூன்று சட்டி இழுக்குமே என்று தோன்றும். கலப்பை விற்கிறவர்களும் இந்தக் கணக்கைத்தான் சொல்வார்கள்.

வண்டியின் எடையை அந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. இந்த வகை வண்டி சுமார் 1700 கிலோ. அதில் பின் அச்சின் மேல் இருப்பது கிட்டத்தட்ட 1100. கலப்பை மண்ணில் இறங்கி இழுக்கும்போது இன்னும் இருநூறு, முந்நூறு கிலோ பின்பக்கம் சாயும். ஆக 1350 என்று வைத்துக்கொள்ளுங்கள். வயல் மண்ணில் டயர் தன் மேல் இருக்கும் எடையில் சுமார் 45 சதவீதத்தைத்தான் இழுவையாக மாற்றும், அதற்கு மேல் வழுக்க ஆரம்பித்துவிடும். 1350-க்கு 45 சதவீதம் என்றால் 600 கிலோ. இரண்டு சட்டிக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. மூன்று சட்டி கேட்பது 900. மீதி 300 கிலோவுக்கு என்ஜினில் பலம் இருக்கிறது, டயரில் பிடிப்பு இல்லை. சக்கரம் சுற்றும், வண்டி நகராது.

ஓட்டுகிறவருக்கு இது உடனே புலப்படாது. வண்டி நின்றுவிடுவதில்லை, மெல்லத் தேய்த்துக்கொண்டே போகும். சக்கரம் 30 சதவீதம் வழுக்கினால் 4 கிலோமீட்டர் வேகம் 2.8 ஆகிவிடும். திருப்பத்துக்கும் நிறுத்தத்துக்கும் கால் பங்கு நேரத்தைக் கழித்துக் கணக்கிட்டால், இரண்டு சட்டி ஒழுங்காக ஓடினால் ஏக்கருக்கு 162 நிமிடம். மூன்று சட்டி வழுக்கிக்கொண்டு ஓடினால் 154 நிமிடம். ஏக்கருக்கு எட்டு நிமிடம் மிச்சம்! அதற்கு விலையாக டயர் பட்டன் தேய்கிறது, டீசல் கூடுகிறது, ஆழமும் குறைகிறது. கலப்பை முழு ஆழம் இறங்கினால் வண்டி நகராது என்பதால் டிரைவர் தானாகவே லிவரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார், 20 சென்டிமீட்டர் 12 ஆகிவிடும். அகல உழுவதை விட ஆழ உழு என்று ஊரில் சொல்வதை மறந்துவிட்ட கதைதான்.

வழுக்கலை அளக்க மீட்டர் எதுவும் வேண்டாம், ஒரு சாக்பீஸ் போதும். பின் டயரின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதே வயலில், அதே கியரில் சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் வரை ஓட்டி எவ்வளவு தூரம் போனது என்று அளந்துகொள்ளுங்கள். இந்த டயர் அளவுக்கு 39 மீட்டரை ஒட்டி வரும். அப்புறம் கலப்பையை இறக்கி உழுதுகொண்டே பத்துச் சுற்று. 33 மீட்டர் போனால் வழுக்கல் 15 சதவீதம், அது நல்ல உழவு. 31-க்குக் கீழே போனால் வண்டிக்குப் பாரம் அதிகம். முழு உழவும் முடிந்த பிறகு வருத்தப்படுவதற்கு முதல் இரண்டு சாலிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

பிடிப்பைக் கூட்ட மலிவான வழி டியூபில் தண்ணீர். வால்வை மேலே வரும்படி சக்கரத்தைத் திருப்பி, ஜாக்கி போட்டு, வால்வு மட்டம் வரை தண்ணீர் ஏற்றினால் முக்கால் பங்கு நிரம்பும். ஒவ்வொரு டயரிலும் நூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். இரண்டுக்கும் சேர்த்து இருநூறு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை, அதனால் நூறு கிலோ இழுவை கூடும். குளிர்நாடுகளில் உறையாமல் இருக்க அதில் உப்புக் கரைசல் சேர்ப்பார்கள். நம் ஊரில் மார்கழியில் கூட அந்தக் கவலை இல்லை, சாதாரணத் தண்ணீரே போதும். வயலில் காற்று 12 முதல் 14 பிஎஸ்ஐ இருந்தால் டயர் நன்றாக உட்கார்ந்து பிடிக்கும். டிப்பர் கட்டி ரோட்டில் ஓட்டுகிறவர்கள் கல் மாதிரி அடித்து வைத்திருப்பார்கள், அதே காற்றோடு உழப் போனால் பாதிப் பிடிப்பு போய்விடும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நெல்லுக்குச் சேற்றுழவு வரும்போது இந்தத் தண்ணீர் உங்களுக்கு எதிரி. கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டித் தொழியில் இறக்கும்போது வண்டி எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அப்போது தண்ணீரை வடித்துவிட வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே இறக்கி, அச்சு வரை புதைந்த வண்டிகளைக் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் களியில் நானே பார்த்திருக்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வண்டி வாங்கிய புதிதில் பண்ருட்டி செம்மண்ணில் ஒரு முந்திரித் தோப்பை உழ ஒப்புக்கொண்டேன். பக்கத்து ஊர்க்காரரின் மூன்று சட்டியை இரவல் வாங்கிக் கட்டினேன். செம்மண் இளக்கம்தானே என்ற தைரியம். காலை முழுக்க நன்றாகத்தான் ஓடியது. மதியத்துக்கு மேல் சரளை கலந்த ஒரு துண்டில் வண்டி திணற ஆரம்பித்தது. நான் கிளட்சைப் பாதி மிதித்து, ஆக்சிலேட்டரை ஏற்றி, உந்தி உந்தித் தள்ளினேன். ஒரு வேர் மாட்டியது, அப்போதும் அதே வேலை. கருகின நாற்றம் வந்ததும்தான் நிறுத்தினேன். பிளேட் போய்விட்டது. இந்த வண்டிகளில் கிளட்ச் பிளேட்டை மாற்ற வேண்டுமென்றால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். மூன்று நாள் வேலை போச்சு, தோப்புக்காரர் வேறு வண்டியைப் பிடித்துவிட்டார். கலப்பையின் மேலும் குற்றமில்லை, வண்டியின் மேலும் இல்லை. வழுக்கும் டயருக்கு என் காலால் முட்டுக் கொடுக்கப் பார்த்தது என் தப்பு.

சட்டிக் கலப்பையில் இன்னொரு விஷயம். இறகுக் கலப்பை மாதிரி இது கூர்முனையால் மண்ணுக்குள் போவதில்லை, தன் எடையால் இறங்குகிறது. அதனால் இறுகின நிலத்தில் மேலேயே உருண்டுகொண்டு போகும். அப்போது ஆட்களை மேலே உட்கார வைத்து ஓட்டுவார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள், தவறி விழுந்தால் விழுவது சட்டிக்கு முன்னால்தான். சட்டி இரண்டு விதமாகச் சாய்ந்திருக்கும். போகும் திசைக்கு அது நிற்கும் கோணம் 42-லிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும், அதைக் கூட்டினால் நன்றாக இறங்கும். பின்பக்கமாகச் சாயும் கோணம் 15-லிருந்து 25 டிகிரி, அதைக் குறைத்துச் சட்டியை நிமிர்த்தினால் இறங்கும். பழைய கலப்பையில் இந்தப் போல்ட்டுகள் துருப்பிடித்து ஒரே இடத்தில் நின்றிருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். டீசல் ஊற்றி ஒரு ராத்திரி விட்டு மறுநாள் திருப்பிப் பாருங்கள்.

ஹைட்ராலிக்கில் இரண்டு லிவர் இருக்கிறதல்லவா, கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் ஒன்று, இழுவைக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் டிராஃப்ட் ஒன்று, அதில் டிராஃப்ட் லிவரை நம் ஆட்கள் பாதிப் பேர் தொடுவதே இல்லை. இந்த வண்டிகளின் வம்சத்துக்கே பேர் வாங்கிக் கொடுத்தது அந்த லிவர்தான். ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் 1920-களில் யோசித்தது இது. மண் இறுகி இழுவை கூடினால் டாப் லிங்க் (கலப்பையை மேலே பிடித்திருக்கும் கம்பி) அழுத்தப்படும், அதை உணர்ந்து ஹைட்ராலிக் கலப்பையைச் சற்றே தூக்கும், தூக்கும்போது கலப்பையின் எடை பின் டயருக்கு வந்து பிடிப்பு கூடும். 1946-இல் கோவென்ட்ரியில் வெளிவந்த அவருடைய சின்னச் சாம்பல் நிற வண்டி, தன்னைவிடப் பெரிய வண்டிகளோடு போட்டி போட்டது இதனால்தான். இரண்டு சட்டியை டிராஃப்ட்டில் ஓட்டுங்கள். பொசிஷனில் வைத்து இறுக்கி ஓட்டினால் இளகின இடத்திலும் இறுகின இடத்திலும் ஒரே ஆழத்துக்கு வண்டி மல்லுக்கட்டும். ரோட்டவேட்டருக்கு மட்டும் பொசிஷன்.

இப்போது மச்சான் சொன்ன ரோட்டவேட்டர். இதற்குப் பின் டயரின் பிடிப்பு பெரிதாகத் தேவையில்லை. கத்திகள் சுற்றும்போது வண்டியை அவையே முன்னால் தள்ளும். எல்லாப் பாரமும் பிடிஓ வழியாக என்ஜினுக்கு நேராகப் போகும், ஒளிந்துகொள்ள இடமில்லை. அடிக்கு எட்டு எச்பி என்பது என் கணக்கு. நாலடிக்கு 32, ஐந்தடிக்கு 40, ஆறடிக்கு 48. கம்பெனிக்காரர்கள் போடும் அட்டவணையும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கும். முப்பது வருட என்ஜினில் நான் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் பேசுவேன். 36 போய் 29 ஆகிறது. நாலடிக்கே மூச்சுப் பிடித்து ஓடும்.

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு கடையில் "35-இல் ஆறடி ஓடும் சார், நாங்க எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கோம்" என்று சொல்லி விற்றார்கள். ஓடியது, மணலில், மூன்று அங்குல ஆழத்துக்கு. களியில் இறக்கியதும் கரும்புகை. இரண்டாவது பருவத்தில் விற்றுவிட்டார்.

நாலடியிலும் ஒரு சிக்கல் உண்டு, யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. உங்கள் பின் டயர்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் ஐந்தடிக்குச் சற்றுக் கூடவே வரும். நாலடி ரோட்டவேட்டரை நடுவில் கட்டினால் இரண்டு பக்கமும் டயர் மிதித்த தடம் கொத்தப்படாமல் அப்படியே கிடக்கும். அதை வலப்பக்கம் தள்ளிக் கட்டும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு பக்கத் தடம் மூடினால் போதும், அடுத்த சுற்றில் மறுபக்கம் சரியாகிவிடும். ஏற்கெனவே உழுது காய்ந்த நிலத்தில், நல்ல என்ஜினோடு, ஐந்தடியை ஆழம் குறைத்து ஓட்டலாம் என்பது வரை நான் ஒத்துக்கொள்வேன். ஆறடி பேச்சே வேண்டாம்.

வாங்கும் முன்பு மாமா வண்டியில் இரண்டு சோதனை செய்துபாருங்கள். முதலாவது கிளட்ச். பிடிஓவை ஓடவிட்டுக் கிளட்சைப் பாதி மிதியுங்கள். வண்டி நின்று பிடிஓ மட்டும் சுற்றினால் டபுள் கிளட்ச், நல்லது. இரண்டும் சேர்ந்தே நின்றால் சிங்கிள் கிளட்ச். அதில் ரோட்டவேட்டர் ஓட்டுவது தொல்லை, ஒவ்வொரு முறை கிளட்சை மிதிக்கும்போதும் கத்தி நிற்கும், மண்ணுக்குள்ளேயே மறுபடி கிளம்ப வேண்டும். இரண்டாவது வேகம். பிடிஓ 540 சுற்று வரும் நிலைக்கு ஆக்சிலேட்டரை வைத்து, இருப்பதிலேயே சின்ன கியரில் 30 மீட்டர் ஓட்டுங்கள். 36 வினாடி ஆனால் மணிக்கு 3 கிலோமீட்டர். அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த கியர் பெட்டி ரோட்டவேட்டருக்கு வேகம் அதிகம், கட்டி உடையாமல் பெரிது பெரிதாக விழும்.

என்ஜினின் உண்மையான உடம்பைத் தெரிந்துகொள்ள மெக்கானிக் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நன்றாகச் சூடானதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வந்தால் பரவாயில்லை, புகை குபுகுபுவென்று அடித்தால் ரிங் போயிருக்கிறது, எச்பி பாதி அங்கேயே வெளியேறுகிறது. சைலன்சரில் நீலப் புகை ஆயில் எரிவது. பாரத்தில் கரும்புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டரையும் ரேடியேட்டரையும் சுத்தம் செய்யுங்கள். கரும்புத் தோகைத் தூசி ரேடியேட்டர் வலையில் அட்டை மாதிரி ஒட்டியிருக்கும். அப்புறமும் கரும்புகை வந்தால் கலப்பை பெரிசு என்று வண்டியே சொல்கிறது. ஹைட்ராலிக்குக்கு, கலப்பையைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். வருவதற்குள் தரையைத் தொட்டிருந்தால் உள்ளே சீல் தேய்ந்திருக்கிறது. ஆயிரம் கிலோவுக்கு மேல் தூக்கும் என்று புத்தகத்தில் போட்டிருப்பது லிங்க் முனையில், புது வண்டியில். கலப்பையின் பாரம் முனையிலிருந்து இன்னும் இரண்டடி பின்னால் இருப்பதால் நடப்பில் கிடைப்பது குறைவுதான்.

தூக்கிவிட்டது என்பதாலேயே ஓட்டலாம் என்று ஆகிவிடாது, முன் சக்கரம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 450 கிலோ ரோட்டவேட்டரின் பாரம் பின் அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.8 மீட்டர் என்று வையுங்கள். தூக்கியவுடன் முன் அச்சிலிருந்து 375 கிலோ குறைந்துவிடும். முன்னால் இருந்ததே அறுநூறு சொச்சம், மீதி இருநூற்று இருபத்தைந்து சொச்சம். ஸ்டியரிங் கேட்க வேண்டுமானால் வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 340 கிலோ, முன்னால் இருக்க வேண்டும். சமதரையில் சமாளித்துவிடலாம். வரப்பு ஏறும்போது முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். முன் பம்பரில் 80 கிலோ வெயிட் கட்டினால் நெம்புகோல் கணக்கில் முன் அச்சுக்கு நூறு கிலோவுக்கு மேல் கிடைக்கும். பழைய வண்டிகளில் முன் வெயிட்டை எப்போதோ கழற்றி எடைக்குப் போட்டிருப்பார்கள், இருக்கிறதா என்று பாருங்கள். உயரமான வரப்பைப் பின்பக்கமாக ஏறுங்கள், நேரமானாலும் பரவாயில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வண்டி மாட்டிக்கொண்டால் பின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏற்றுவது நம் பக்கம் பழக்கம். சக்கரம் நகர முடியாமல் கட்டையில் முட்டி நின்றால், சுழலும் விசை வண்டியின் உடம்பையே பின்னோக்கித் தூக்கிப் புரட்டும். முன்பக்கம் எழும்பிக் கவிழ இரண்டு வினாடி கூட ஆகாது, குதிக்க நேரமே இருக்காது. டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி போட்டு இழுத்தாலும் இதேதான். சங்கிலியைக் கீழே கொக்கியில் மட்டும் மாட்டுங்கள், இல்லாவிட்டால் வேறு வண்டியை வரச் சொல்லுங்கள். பிடிஓ ஓடும்போது லுங்கியோடும் தோளில் துண்டோடும் பின்னால் போகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இனி உங்கள் மூன்று காணிக்கு வருவோம். காணிக்கு 132 சென்ட் என்றால் கிட்டத்தட்ட நாலு ஏக்கர். மூன்று பயிர் நின்ற கரும்புக் கட்டை, வருடக்கணக்கில் வண்டி மிதித்த நிலம். முதல் உழவுதான் கஷ்டம், மற்றதெல்லாம் உங்கள் வண்டிக்கே எளிது. அதனால் என் யோசனை இதுதான். முதல் உழவை மட்டும் 50 எச்பி வண்டியும் மூன்று சட்டியும் வைத்திருப்பவரிடம் வாடகைக்கு விட்டுவிடுங்கள். ஒரே நாள் வேலை. கடலூர் மாவட்டத்துக்காரர் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்கலாம், உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். பாகூர் புதுச்சேரிக் கணக்கில் வருவதால் அந்த வழி உங்களுக்கு இல்லை, தனியார் வண்டியைப் பாருங்கள். டீசல் வழக்கமாக உங்கள் பக்கம் மலிவு என்பதைச் சொல்லிக் கொஞ்சம் பேரம் பேசிப் பாருங்கள்.

வாடகை வேண்டாம், நானே உழுகிறேன் என்றாலும் முடியும். உங்களுக்கு நேரம் இருக்கிறது. பங்குனிக்குள் வெட்டு முடிந்தால் ஆவணி வரை நிலம் சும்மாதான் கிடக்கும். காய்ந்து பாளம் பாளமாக இருக்கும்போது இறக்காதீர்கள், அப்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்குக்குப் போய்விடும், இரண்டு சட்டியே 1000 கிலோ கேட்கும். சித்திரை மழை ஒன்று பெய்யட்டும், இல்லையென்றால் போர் தண்ணீரை ஒரு முறை விடுங்கள். நாலைந்து நாள் கழித்து அரையடி ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். உதிர்ந்தால் பதம். ஒட்டிக்கொண்டு சப்பையானால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். இரண்டு சட்டியை 15 சென்டிமீட்டரில் ஒரு தடவை, கட்டைகள் வெயிலில் காய இரண்டு வாரம் விட்டுக் குறுக்கே 20-இல் இன்னொரு தடவை. அப்புறம் ஒன்பது கொத்து கல்டிவேட்டர் (மண்ணைக் கிளறும் கொத்துக் கலப்பை). நாலடி ரோட்டவேட்டர் இருந்தால் கடைசியில்தான் வர வேண்டும். கட்டை மேல் நேராக ரோட்டவேட்டரை விட்டால் கத்தி வளையும், கியர் பெட்டி அலறும்.

உளிக்கலப்பை போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒற்றை உளி உங்கள் வண்டி இழுக்கக்கூடியதுதான், அடிமண் இறுக்கத்துக்கு நல்லது. ஆனால் மண் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் கத்தி போட்ட மாதிரி ஒரு பிளவு விழும், பக்கத்து மண் உடையாது. தவிர நீங்கள் வைக்கப் போவது நெல், அதற்குக் கொஞ்சம் அடி இறுக்கம் இருந்தால்தான் தண்ணீர் நிற்கும். மறுபடி கரும்புக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கலப்பையைப் பார்க்கப் பண்ருட்டி போகும்போது மூன்று பொருளைக் கையோடு எடுத்துப் போங்கள்: உங்கள் வண்டியின் கீழ் லிங்க் பின், டாப் லிங்க் பின், ஒரு அளவு டேப். இணைப்பு அளவில் உங்களுடையது முதல் வகை, கீழ் பின் 22 மில்லிமீட்டர், டாப் 19. கலப்பை பெரிய வண்டிக்குச் செய்த இரண்டாம் வகை என்றால் 28-ம் 25-ம் இருக்கும், லிங்க்குகளுக்கு இடையே உள்ள அகலமும் கூடுதல். பின்னைப் புஷ் போட்டுச் சரிசெய்யலாம், அகலத்தை ஒன்றும் செய்ய முடியாது. சட்டி ஒவ்வொன்றையும் இரண்டு கையால் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் செலவை விலையில் கழியுங்கள். சட்டமும் கடைசிச் சட்டியும் சேரும் இடத்தில் போல்ட் இருக்கிறதா, வெல்டு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். போல்ட் என்றால் மூன்றாவதைக் கழற்றலாம், பின்னால் இருக்கும் சால் சக்கரத்தையும் முன்னுக்குத் தள்ளி மாட்ட வேண்டும், அதற்கும் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெல்டு வைத்து ஒட்டியிருந்தால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.